மருத்துவப் படிப்புக்கு நடுவில் தொழில்முறை ஒப்பந்தம்: எதை நீட்டிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

கோல்கோடு:

வணக்கம். மருத்துவம் மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது. இன்னும் நான்கு மாதத்தில் வார்டு போஸ்டிங் (ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பயிற்சி) தொடங்கும். வயது 21. கால்பந்தில் இடது பின்களம். ஒரு கிளப்பிலிருந்து இரண்டு ஆண்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது. அவர்கள் விரும்பினால் மூன்றாம் ஆண்டுக்கும் நீட்டிக்கலாம். சீசன் பத்து மாதம். வாரத்தில் ஐந்து நாள் காலை பத்து முதல் ஒன்று வரை பயிற்சி, ஒரு போட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியூர்ப் பயணம்.

மருத்துவத்தை விடும் எண்ணம் இல்லை. ஆட்டத்தை இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. படிப்பில் எந்தப் பகுதியை நீட்டிக்கலாம், எது முடியாது? நைட் டியூட்டி முடித்த மறுநாள் பயிற்சிக்குப் போவது எவ்வளவு ஆபத்து? ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் வேலை செய்வதால் ஊக்கமருந்துச் சோதனை விஷயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? ஊக்கம் தரும் வார்த்தைகள் நிறையவே கிடைத்துவிட்டன. எனக்குக் கணக்கு வேண்டும்.

வார்டு7:

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம். போஸ்டிங் மொத்தம் 72 வாரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கல்லூரி அட்டவணையைப் பார்த்து இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். சீசன் பத்து மாதம் போனால் மிச்சம் எட்டு வாரம். அதில் முதல் இரண்டு வாரம் உடம்பு ஆற வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். ஆக ஆண்டுக்கு ஆறு வாரம்தான் முழுநேர வார்டு. அதை மட்டும் நம்பினால் 72 வாரம் முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். நடக்காத காரியம்.

அதனால் சீசனுக்குள்ளும் பிற்பகல்களைப் பயன்படுத்த வேண்டும். வாரம் நான்கு நாள், இரண்டு மணி முதல் ஐந்தரை வரை என்றால் 14 மணி நேரம். முழுநேர போஸ்டிங்கை வாரம் 40 மணி என்று எடுத்தால் இது மூன்றில் ஒரு பங்கு. நாற்பத்துநான்கு வாரச் சீசனில், பயணமும் காயமும் தின்றது போக, பத்து வாரத்துக்கு ஈடான போஸ்டிங் தேறும். ஆறும் பத்தும் பதினாறு. 72 வாரத்தை முடிக்க நாலரை ஆண்டு. அதாவது மற்றவர்கள் ஒன்றரை ஆண்டில் முடிப்பதை நீங்கள் மூன்று மடங்கு காலத்தில் முடிப்பீர்கள். ஒப்பந்தம் இரண்டே ஆண்டில் நின்றால் 32 வாரம் முடிந்திருக்கும், மிச்ச 40 வாரத்தை முழுநேரமாக முடித்துவிடலாம். இந்த எண்கள் மனசுக்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள். கல்லூரி பிற்பகல் போஸ்டிங்கை ஏற்காவிட்டால் இந்தத் திட்டமே நிற்காது.

எந்தப் பாடத்தை எங்கே போடுவது என்பது அடுத்தது. தோல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம், சமுதாய மருத்துவம் இவையெல்லாம் பெரும்பாலும் வெளிநோயாளிப் பிரிவைச் சார்ந்தவை. இவற்றைச் சீசனுக்குள் வையுங்கள். பொது அறுவை, மகப்பேறு, பொது மருத்துவம் மூன்றையும் சீசன் இல்லாத ஆறு வாரத்துக்கே ஒதுக்குங்கள். பிரசவ வலி பிற்பகல் இரண்டு மணி பார்த்து வராது. லாக் புக்கில் (பார்த்த, செய்த சிகிச்சைகளைப் பதியும் ஏடு) காட்ட வேண்டிய எண்ணிக்கை வார்டிலேயே கிடந்தால்தான் நிரம்பும்.

ஹவுஸ் சர்ஜன் காலத்தை, அதாவது கடைசியில் வரும் பயிற்சி மருத்துவர் காலத்தை, நீட்டிக்கத் தொடவே வேண்டாம். அது பாடமாக இருப்பதை விட்டு வேலையாக மாறும் இடம். இரவில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நோயாளிக்கும் அது நியாயமில்லை, அணிக்கும் நியாயமில்லை. ஆட்டம் முடிந்த பிறகு, ஒரே மூச்சில் செய்யுங்கள்.

கல்லூரியிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு, இடைவிடுப்பு அந்தக் கணக்கில் சேருமா, அரைநாள் போஸ்டிங்குக்கு வருகைப்பதிவு எப்படிப் போடுவார்கள், லாக் புக்கில் யார் கையெழுத்து. "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று டீன் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். டீன் மாறினால் அந்த வார்த்தையும் போய்விடும்.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லாரன்ட் டுவெர்னே-டார்டிஃப் 2014இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்குத் தேர்வானார். சீசன் முடிந்ததும் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வார்டு பார்த்து 2018இல் பட்டம் வாங்கினார். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டமில்லாத மாதங்கள் அதிகம், உங்களுக்கு அது கிடையாது. உங்களுக்கு நெருக்கமான உதாரணம் பிரேசில் கால்பந்து வீரர் சாக்ரடீஸ். ரிபெய்ராவ் பிரெட்டோ நகரிலேயே மருத்துவக் கல்லூரி, அதே ஊர் போட்டாஃபோகோ அணிக்கு ஆட்டம். பட்டம் முடித்த பிறகுதான், 1978இல், கொரிந்தியன்ஸ் என்ற பெரிய கிளப்புக்கு மாறினார். கல்லூரியும் கிளப்பும் ஒரே ஊரில் இருந்ததுதான் அவருக்குக் கை கொடுத்தது. வேல்ஸ் ரக்பி வீரர் ஜேமி ராபர்ட்ஸ் 2005இல் கார்டிஃபில் சேர்ந்து 2013இல்தான் முடித்தார். டென்மார்க் கால்பந்து வீராங்கனை நாடியா நதீம் நாடு விட்டு நாடு கிளப் மாறிக்கொண்டே படித்து 2022இல் மருத்துவரானார். நேரம் கூடும் என்பதை இவர்கள் எல்லோருமே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

புல்தரை:

தங்கச்சி, நைட் டியூட்டி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். இதில்தான் உடம்பு உடைகிறது.

தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும். 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகும். காலை எட்டு மணிக்கு டியூட்டி முடித்துப் பத்து மணிக்கு மைதானத்தில் நிற்பவர் அந்த நிலையில்தான் டேக்கிள் போடுகிறார். அன்று வேக ஓட்டம் கிடையாது, பளு கிடையாது, மோதல் உள்ள பயிற்சி கிடையாது. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவதும் கூடாது. 90 நிமிடம் தூங்குங்கள், மாலையில் அரை மணி நேரம் லேசாக சைக்கிள் மிதியுங்கள், இரவு வழக்கமான நேரத்தில் படுங்கள். ஒரு முழு இரவு தூங்கிய பிறகே முழுப் பயிற்சி. போட்டிக்கு முந்தைய 72 மணி நேரத்தில் நைட் டியூட்டி வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் 48 மணிக்குக் கீழே இறங்காதீர்கள்.

டியூட்டிக்கு முன்னால் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போவது, வந்த பிறகு தூங்கி ஈடுகட்டுவதை விடப் பலன் தரும். காபி குடிப்பதானால் டியூட்டியின் முதல் பாதியில். கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். விடியற்காலை நாலு மணிக்குக் குடித்தால் காலைத் தூக்கம் போச்சு.

சீசன் இல்லாத அந்த ஆறு வார வார்டில் பெரும்பாலோர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தினமும் பத்து மணி நேரம் நிற்கிறோம், நடக்கிறோம், அதுவே போதும் என்று விட்டுவிடுவார்கள். பிறகு முன்சீசன் முதல் வாரத்திலேயே தொடையின் பின்தசை கிழியும். நிற்பதும் நடப்பதும் அந்தத் தசையை வேகத்துக்குத் தயார் செய்யாது. அதற்கு வேகமே வேண்டும். வாரம் ஒருமுறை, நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, 30 முதல் 40 மீட்டர் தூரம் ஐந்தாறு ஓட்டம், உச்ச வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல். கூடவே நார்டிக் பயிற்சி: முழங்காலில் நின்று, குதிகாலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. வாரம் ஒரு நாள், இரண்டு சுற்று, ஐந்து ஐந்து முறை. இதைவிட அதிகம் தேவையில்லை. பயிற்சியின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் தீவிரத்தைக் குறைக்காமல் இருந்தால் வாரம் இரண்டே நாளில் மூச்சுத் திறனைப் பல வாரம் காப்பாற்றலாம். தீவிரம் குறைந்தால் நாள் கூடினாலும் நிற்காது.

ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோது அவருக்கு மதிய இடைவேளைதான் பயிற்சி நேரம். பத்து முறை கால் மைல் (சுமார் 400 மீட்டர்), ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. 1954 மே 6 அன்று காலையும் மருத்துவமனைக்குப் போய், அங்கே ஆய்வுக்கூடத்துச் சாணைக்கல்லில் காலணி ஆணிகளைத் தீட்டிக்கொண்டு, பிறகு ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனார். மாலையில் மைல் ஓட்டம் 3 நிமிடம் 59.4 நொடி. அதே ஆண்டு கடைசியில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவத்துக்குப் போய்விட்டார். பின்னாளில் நரம்பியல் மருத்துவரானார்.

சாப்பாடு. ஆபரேஷன் தியேட்டரில் நாலு மணி நேரம் நின்று மதியச் சாப்பாட்டை விடுவது ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பழக்கம், உங்களுக்கு அது காயத்தில் போய் முடியும். உதாரணமாக எடை 58 கிலோ, அதில் கொழுப்பு 20 சதவீதம் என்றால் கொழுப்பு நீங்கிய எடை சுமார் 46 கிலோ. பயிற்சியில் எரிந்தது போக ஒரு கிலோவுக்கு 45 கிலோகலோரி உடம்புக்கு மிஞ்சினால் நல்லது, அதாவது 2,070. பயிற்சியில் 600 எரிந்தால் அன்று சாப்பிட வேண்டியது 2,670. கிலோவுக்கு 30க்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் ஹார்மோன் சுரப்பு குறையும், எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதைப் படிப்பு டென்ஷன் என்று தள்ளிவிடாமல் விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். அழுத்த எலும்பு முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல்) அந்த வழியாகத்தான் வரும்.

கோல்கோடு:

இருவருக்கும் நன்றி. நாலரை ஆண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு தெளிவு வந்தது. இரண்டு சந்தேகம். தலையில் அடி, கையில் அடி: அறுவை சிகிச்சைப் பக்கம் போக விரும்பும் ஒருவர் இதை எவ்வளவு கணக்கில் எடுக்க வேண்டும்? படிப்பை முழுசாக நிறுத்திவிட்டு முதலில் ஆடி முடிப்பது மோசமான யோசனையா?

எல்லைக்கோடு:

மோசமான யோசனையே இல்லை. வார்டு7 சொன்ன கணக்கு சரி, ஆனால் அது ஒரு வழிதான். கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் ஐஸ் ஹாக்கியில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கி 2017இல் ஓய்வு பெற்றார். மருத்துவக் கல்லூரியில் அதற்குப் பிறகே சேர்ந்தார், 2021இல் மருத்துவர். எரிக் ஹைடன் 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்கலில் ஐந்து தங்கம், பிறகு தொழில்முறை சைக்கிள், அதற்கப்புறம் எலும்பு அறுவை நிபுணர். ஒன்றை முடித்து மற்றொன்றுக்குப் போனார்கள், எதிலும் அரைகுறை இல்லை. ஆனால் நீங்கள் ஏற்கனவே மூன்று ஆண்டு படித்தவர் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. படித்த உடற்கூறியலும் மருந்தியலும் முழு இடைவெளியில் கரைந்துபோகும். நெஞ்சு அழுத்தி உயிர்மீட்கும் பயிற்சியே மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்கும். நிறுத்துவதானால் தினமும் இருபது புதிய நினைவட்டையும் (ஒருபுறம் கேள்வி, மறுபுறம் பதில்) பழையவற்றின் மீள்பார்வையும் பயண நேரத்தில் ஓடட்டும். தையல் பயிற்சிப் பட்டையில் வாரம் மூன்று நாள், கால் மணி நேரம், கருவியைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள்.

கை. விரித்த கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு எலும்பு முறியலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். கட்டை விரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலித்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் கட்டுப் போட்டு, பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அல்லது உடனே எம்.ஆர்.ஐ. விட்டால் எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் செத்துப்போகும், மணிக்கட்டு வாழ்நாள் முழுக்க வலிக்கும். விரல் நுனி பந்துபட்டு மடங்கி, தானாக நிமிராமல் நின்றால் ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் நிமிர்த்திக் கட்ட வேண்டும். "போட்டி முடியட்டும்" என்று நடுவில் ஒருநாள் கழற்றி விரலை மடக்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

தலை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்த நிமிடமே வெளியே வர வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் திரையைக் குறைத்து ஓய்வு, லேசாக நடக்கலாம். ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படி, ஒவ்வொன்றும் குறைந்தது 24 மணி நேரம். படிப்புக்கு முழுசாகத் திரும்பாமல் ஆட்டத்துக்கு முழுசாகத் திரும்பக் கூடாது. அந்த நாட்களில் வார்டில் மருந்து அளவு கணக்கிடுவதும் ஊசி போடுவதும் வேண்டாம். தேர்வு வந்தால் தள்ளிவைக்கக் கேளுங்கள். இன்னொன்று மருத்துவ மாணவர்களுக்கே உரிய ஆபத்து: பரிசோதனைக் கேள்விகள் உங்களுக்கு மனப்பாடம். ஆகவே உங்களை நீங்களே பரிசோதித்து "ஒன்றுமில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அணிக்கு வெளியே உள்ள மருத்துவர் சொல்லட்டும். இரண்டாவது முறை நடந்து அறிகுறிகள் நீண்டால், தொடர்ந்து ஆடுவதா என்று அப்போதே உட்கார்ந்து பேச வேண்டும்.

கையெழுத்து:

ஒப்பந்தத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான ஒப்பந்தங்களில் "கிளப்பின் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றி வேறு வேலை கூடாது" என்று ஒரு வரி இருக்கும். போஸ்டிங்கும் அதில் அடங்காது என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். வாரத்தில் எந்த நான்கு பிற்பகல், ஆண்டுக்கு எத்தனை தேர்வு நாள் விடுப்பு என்பது எண்ணாக வர வேண்டும், "இயன்றவரை ஒத்துழைக்கப்படும்" என்ற வாசகம் எதற்கும் உதவாது. மூன்றாம் ஆண்டு நீட்டிப்பு அவர்கள் கையில் மட்டும் இருப்பது உங்களுக்கு நல்லதல்ல, இரு தரப்பும் சம்மதித்தால் மட்டும் என்று மாற்றக் கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு ஊர்க் கிளப்புக்குக் கடனாக அனுப்பக் கூடாது. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மொத்த போஸ்டிங் திட்டமும் ஒரே நாளில் போய்விடும். காப்பீட்டில், ஆட முடியாமல் போவதற்கு மட்டும் தொகை என்றிருந்தால் மருத்துவத் தொழில் செய்ய முடியாமல் போவதையும் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

ஊக்கமருந்துச் சோதனை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஆஸ்பத்திரியில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு டிரிப்ஸ். இரவெல்லாம் ஓடிக் களைத்த சக மாணவருக்கு நண்பர்களே ஒரு பாட்டில் ஏற்றிவிடுவார்கள். உங்களுக்கு அது விதிமீறல். 12 மணி நேரத்தில் மொத்தம் 100 மி.லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது எப்போதுமே தடை, உள்ளே வெறும் உப்புநீர் இருந்தாலும். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக முறைப்படி ஏற்றினால் மட்டும் விலக்கு. ஓய்வறையில் நண்பர் ஏற்றுவது அதில் வராது. வாய் வழியாக உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள்.

அடுத்தது, பையில் கிடக்கும் மருந்து. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளதை வைத்திருப்பதே குற்றமாகலாம். வார்டு கோட்டுப் பையிலிருந்த ஊசி மருந்துக் குப்பியோடு மைதானத்துக்குப் போகாதீர்கள். கோட்டு ஆஸ்பத்திரியிலேயே தொங்கட்டும். குளுக்கோகார்ட்டிகாய்டு (வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு) ஊசி போட்டி நேரத்தில் தடை, மூட்டுக்குள் போட்டாலும் தடைதான். வலி மருந்தான டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் தடை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த எட்டு மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல். உங்களுக்கு நீங்களே மருந்து எழுதிக்கொள்ள வேண்டாம், தடையுள்ள மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்க விலக்குச் சான்றிதழ் கேட்கும்போது வேறொரு மருத்துவரின் குறிப்பு இருந்தால்தான் எடுபடும். சக ஆட்டக்காரர்கள் "டாக்டரம்மா, இது எடுத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் அணி மருத்துவரிடம் அனுப்புங்கள். நீங்கள் சொன்னதை நம்பி ஒருவர் சிக்கினால் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரலாம்.

ஊசி குத்திக்கொண்டால் பயந்து மறைக்காதீர்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்தை முடிந்தவரை சில மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணிக்குள்ளும் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவை தடைப் பட்டியலில் இல்லை. குமட்டல் இருக்கும், அந்த நாட்களில் பயிற்சியைக் குறைக்கக் கோச்சிடம் சொல்லிவிடுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போஸ்டிங்குக்கு முன் முடிய வேண்டும். 0, 1, 6 மாதம் என்பது வழக்கமான அட்டவணை. உங்களுக்கு இருப்பது நான்கே மாதம், எனவே இதுவரை போடவில்லை என்றால் விரைவு அட்டவணை பற்றி இந்த வாரமே கேளுங்கள்.

கோல்கோடு:

தடுப்பூசி இரண்டு தவணை ஆகியிருக்கிறது. தேசிய அணி முகாமுக்கும் அழைப்பு வரலாம் என்கிறார்கள். ஊக்கமருந்துச் சோதனைக்காக இருப்பிடம் தெரிவிக்கும் விதி வந்தால் போஸ்டிங்கோடு எப்படிச் சமாளிப்பது?

வார்டு7:

பதிவுசெய்யப்பட்ட சோதனைக் குழுவில் சேர்த்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரம் பதிய வேண்டும். தினமும் இரவு தங்கும் இடம், வழக்கமான வேலை இடங்கள், காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுக்குள் ஒரு அறுபது நிமிடம். அந்த அறுபது நிமிடத்தில் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் ஒரு தவறு. பதிவில் பிழை இருந்தாலும் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று சேர்ந்தால் வழக்கமான தண்டனை இரண்டு ஆண்டுத் தடை.

அந்த மணி நேரத்தை ஆஸ்பத்திரியில் வைக்கவே வைக்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் கை கழுவி நிற்கும்போது சோதனை அதிகாரி வாசலில் காத்திருப்பார், உள்ளே யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு மணி நேரம் ஓடிவிடும். முன்கூட்டிப் போன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காலை ஐந்தரை முதல் ஆறரை, வீடு, என்று நிரந்தரமாகப் போடுங்கள். அழைப்பு மணி வேலை செய்கிறதா என்று பாருங்கள். நைட் டியூட்டி நாளில் மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே மறுநாளைய நேரத்தைக் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு, வீடு, என்று மாற்றிவிடுங்கள். இரவு தங்கும் இடத்தில் ஆஸ்பத்திரி முகவரி, கட்டடம், மாடி, ஓய்வறை எண். டியூட்டியை யாரோடாவது மாற்றிக்கொண்டால், பட்டியலில் பெயரை அடித்து எழுதும் அதே கையோடு செயலியிலும் மாற்றுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

தடுப்பூசியில் மூன்றாவது தவணை போட்ட ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் அளவைப் பாருங்கள். அது 10 mIU/mL-க்குக் குறைவாக இருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.